எந்த இன்ஜின் நல்லது என்று கேட்கும் தம்பிக்கு

பட்டறையில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் டீ வருவதற்குள் கேட்டுவிடுவார்கள்: "அண்ணே, உங்களுக்குப் பிடிச்ச இன்ஜின் எது?" நாலைந்து இருக்கின்றன. பேரை மட்டும் சொன்னால் கட்சி கட்டிச் சண்டை போடத்தான் உதவும். ஏன் பிடிக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. குதிரைத்திறனைக் கடைசியாகக் கேள். பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசலில் 102 குதிரைதான். இவ்வளவு பெரிய இன்ஜினுக்கு இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அதில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறிப் பார், 40 கொண்டை ஊசி வளைவு. 200 நியூட்டன் மீட்டர் டார்க் 1,400 ஆர்பிஎம்மிலேயே வந்து 3,400 வரை குறையாமல் நிற்கும். வளைவில் வேகம் செத்தாலும் மிதித்தால் ஏறிவிடும். ஸ்விஃப்ட் டீசலிலும் 190 இருக்கிறது. ஆனால் 2,000க்குக் கீழே டர்போ சரியாக வேலைக்கு வராது, கியரைக் குறைக்காமல் திருப்பினால் திணறும். இன்னோவாவை வரைந்தவன் பாரம் ஏற்றுகிறவனை நினைத்து வரைந்தான். இன்ஜினைப் பார்க்கும்போதெல்லாம் இதை யாருக்காகச் செய்தார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்.

2. போர், ஸ்ட்ரோக் இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள். ஸ்ட்ரோக்கை இரண்டால் பெருக்கி, நொடிக்கு எத்தனை சுற்று என்பதாலும் பெருக்கினால் பிஸ்டனின் சராசரி வேகம் வரும். மாருதி 800க்கு ஸ்ட்ரோக் 72 மி.மீ.; 5,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 12 மீட்டர். 1999இல் வந்த ஹோண்டா எஸ்2000க்கு 84 மி.மீ.; 9,000 ஆர்பிஎம்மில் 25 மீட்டரைத் தாண்டும். சுற்று இரட்டித்தால் கனெக்டிங் ராடு தாங்க வேண்டிய இழுப்பு நாலு மடங்காகும். ஹோண்டாக்காரன் அதைத் தாங்கவைத்துக் காட்டியது பெரிய வித்தை. மாருதியில் அந்தச் சோதனைக்கே போகாமல் விட்டதும் ஒரு கெட்டிக்காரத்தனம்தான்.

3. நடுக்கத்துக்குக் காரணம் படி. மாருதி 800 ஐடிலில் நிற்கும்போது கியர் லீவரின் குமிழைப் பார், துடித்துக்கொண்டே இருக்கும். 796 சிசி, மூன்று சிலிண்டர். 120 டிகிரி இடைவெளியில் பிஸ்டன்கள் ஏறி இறங்குவதால் மேல்கீழ் உதைப்பு கழிந்துவிடும். ஆனால் முன்கோடியில் ஒன்றும் பின்கோடியில் ஒன்றும் எதிரெதிராக உதைப்பதால் இன்ஜின் ஊசலாடப் பார்க்கும். நாலு சிலிண்டருக்கு வேறு வியாதி: மேலே போகும் பிஸ்டனும் கீழே வரும் பிஸ்டனும் ஒரே வேகத்தில் போவதில்லை, அதனால் கிராங்க் ஒரு சுற்று முடிப்பதற்குள் இரண்டு தடவை அதிரும். வரிசை ஆறில் இந்த இரண்டு தொல்லையுமே இல்லை. மிட்சுபிஷி 1970களில் நாலு சிலிண்டரில் இரட்டை வேகத்தில் சுழலும் இரண்டு பேலன்சர் ஷாஃப்டுகளை வைத்தது. போர்ஷேயே தன் 944க்கு அந்த உரிமத்தை வாங்கியது. மாருதியில் அந்தச் செலவெல்லாம் இல்லை. ஆட்டத்தை ரப்பர் மவுண்ட்டிங் தலையில் கட்டிவிட்டார்கள். அதனால் 800 அதிகமாக ஆடுகிறது என்று யாராவது வந்தால், கார்பரேட்டரில் கை வைக்கும் முன் மவுண்ட்டிங்கைப் பார்.

4. சின்னது என்று இளக்காரம் வேண்டாம். 2003இல் ஃபியட் கொண்டுவந்த 1.3 மல்ட்டிஜெட், 1,248 சிசி. ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ, லீனியா என்று நம் ரோட்டில் ஓடிய பாதி டீசல் கார்களின் போனட்டுக்குள் அதுதான் உட்கார்ந்திருக்கிறதோ என்று ஒரு காலத்தில் தோன்றும். ஒரே தடவையில் டீசலைப் பீய்ச்சினால் அழுத்தம் சட்டென்று எகிறி 'டக்டக்' என்று அடிக்கும். மல்ட்டிஜெட் ஒரு சுழற்சியில் ஐந்து தடவை வரை பிரித்துப் பீய்ச்சும். விறகடுப்பில் முதலில் சுள்ளியைப் பற்றவைப்பதுபோல, முதல் துளி எரிந்து சூடான பிறகே பெரிய பங்கு உள்ளே போகும். டைமிங்குக்கு பெல்ட் இல்லை, செயின். ஆயில் மாற்றாமல் இழுத்தடித்தால் அந்தச் செயினும் டர்போவும் பழிவாங்கும். டிசைனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

5. ஸ்பேனர் பிடிப்பவனை மதித்த இன்ஜின்களைத் தேடிப் படி. 1955இல் வந்த செவ்ரோலே ஸ்மால் பிளாக் வி8இல் ராக்கர்களுக்குப் பொதுவான ஷாஃப்ட் கிடையாது. தகட்டை அழுத்திச் செய்த ராக்கர் ஒவ்வொன்றும் தனித்தனி ஸ்டட்டில் உட்கார்ந்திருக்கும். ஒரே நட்டைத் திருகினால் டேப்பெட் செட் ஆகிவிடும். எடை குறைவு, விலையும் குறைவு. 2011க்குள் பத்து கோடி இன்ஜின் ஊற்றிவிட்டார்கள். நம் பக்கத்தில் அந்த மரியாதை பழைய டெம்போ ட்ராக்ஸின் மெர்சிடிஸ் வம்சத்து 2.4 லிட்டர் டீசலுக்குத்தான். உள்ளே உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. எனக்கு இன்றும் அதுதான் செல்லம்.

6. ரேஸ் இன்ஜினை ரோட்டுக் கணக்கில் எடை போடாதே. காஸ்வொர்த் டிஎஃப்வி 1967இல் சாண்ட்வூர்ட்டில் ஜிம் கிளார்க்கின் லோட்டஸில் முதல் முறையாக இறங்கியது, அன்றே ஜெயித்தது. அங்கே இன்ஜினே சேசிஸின் பாதி. பின் சஸ்பென்ஷன் சுமை அதன் வழியாகத்தான் போகும். தனியாகப் பார்த்தால் பாதிக் கதைதான் புரியும்.

7. டொயோட்டா 2ஜேஇசட்டில் ஆயிரம் குதிரை எடுத்த வீடியோவைப் பார்த்துச் சொக்கிப்போகாதே. அதன் பெருமை அந்தக் கனத்த இரும்பு பிளாக்கில் இருக்கிறது. ஆயிரம் என்பது மேலே ஏற்றியவர் வேலை.

8. ஊகிக்காதே, அள. பெட்ரோல் இன்ஜின் இழுக்கவில்லை என்றால் பிளக்குகளைக் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து காம்ப்ரஷன் கேஜ் வை. ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால், பிளக் துவாரம் வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடியும் அள. ரீடிங் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு, அல்லது ஹெட் கேஸ்கெட். டீசலில் இந்த வேலை கூடாது: பிஸ்டன் மேலே வந்ததும் மிஞ்சும் இடம் ரொம்பச் சின்னது, ஊற்றிய ஆயிலே அதை அடைத்துக்கொண்டு பொய் ரீடிங் காட்டும்.