எடை குறைப்போர் எத்தனை நாளுக்கொருமுறை எடை பார்க்க வேண்டும்?

எடை போட்டுப் பார்ப்பது உழவர்க்குப் புதிய செய்தியன்று. விதையை அளந்து விதைக்கிறோம். உரத்தை எடை போட்டு இடுகிறோம். விளைந்த நெல்லைத் தராசில் ஏற்றிய பிறகே விலை பேசுகிறோம். ஆயினும், தம் உடலின் எடை எவ்வளவு என்று கேட்டால் உடனே விடை கூறக்கூடியவர் ஊருக்குச் சிலரே.

சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ கண்டு, "எடையைக் குறையுங்கள்" என்று மருத்துவர் கூறிய பின்னரே இந்நிலை மாறுகிறது. எடை பார்க்கும் கருவி வீட்டுக்கு வருகிறது. சிலர் காலை, மாலை, உணவுக்கு முன், உணவுக்குப் பின் என்று ஒரே நாளில் பலமுறை அதன்மேல் ஏறி நிற்கின்றனர். எண் கூடுவதைக் கண்டு மனம் சோர்ந்து, மூன்றாம் வாரத்திலேயே முயற்சியைக் கைவிடுகின்றனர். வேறு சிலர் மாதம் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. குறைந்த எடை திரும்ப ஏறியதை அறியாமலே இருந்துவிடுகின்றனர். ஆதலின், எத்தனை நாளுக்கொருமுறை எடை பார்ப்பது, எவ்வாறு பார்ப்பது, கண்ட எண்ணுக்கு எவ்வாறு பொருள் கொள்வது என்னும் மூன்றையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கிராமத்துக்கு இது வேண்டுமா?

"உடற்பருமன் நகரத்தாரின் தொல்லை, பாடுபடும் கிராமத்தாரை அது அண்டாது" என்னும் எண்ணம் இன்னும் நம்மிடையே நிலவுகிறது. இது பழைய காலத்துக்குப் பொருந்தியிருக்கலாம். இன்று ஏர் உழுத இடத்தில் டிராக்டர் உழுகிறது. கதிர் அறுக்கவும் அடிக்கவும் இயந்திரம் வந்துவிட்டது. வயலுக்குப் போக இருசக்கர வண்டி இருக்கிறது. உழைப்பு குறைந்தது, உண்ணும் சோற்றின் அளவோ பெரும்பாலும் குறையவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய நாடளாவிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. வயது வந்தோரில் 100-க்கு 11.4 பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது என்றும், மேலும் 15.3 பேர் அந்நோயின் முன்நிலையில் உள்ளனர் என்றும் அது கூறிற்று. நோய் நகரங்களில் மிகுதி. ஆனால் முன்நிலையில் கிராமத்துக்கும் நகரத்துக்கும் ஏறத்தாழ வேறுபாடே இல்லை. அதாவது, நாளைய நோயாளிகள் இன்று கிராமத்திலும் நகரத்தில் உள்ள அளவுக்கே இருக்கின்றனர்.

இதில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. அமெரிக்காவில் நோயின் முன்நிலையில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. 2002-இல் முடிவு வெளியாயிற்று. உடல் எடையில் 100-க்கு 7 பங்கைக் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது போன்ற உடலுழைப்பை மேற்கொள்வது என்னும் இரண்டே குறிக்கோள்களுடன் முயன்ற பிரிவினரிடம், நோய் புதிதாகத் தோன்றுவது 100-க்கு 58 பங்கு குறைந்தது. எனவே பெருமளவில் இளைக்க வேண்டியதில்லை. 84 கிலோ எடையுள்ளவர் 5 அல்லது 6 கிலோ குறைத்து, குறைத்ததைக் காத்துக்கொண்டாலே பெரும்பயன் கிட்டும்.

யார் குறைக்க வேண்டும்?

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தால் இருமுறை வகுக்க வேண்டும். இந்தியருக்கு 23-க்கு மேற்பட்டால் மிகை எடை என்றும், 25-க்கு மேற்பட்டால் உடற்பருமன் என்றும் மருத்துவர் கொள்வர். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு இவ்வெல்லைகள் ஏறத்தாழ 62.5 கிலோவும் 68 கிலோவும் ஆகும். இடுப்பின் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டாதிருத்தல் நன்று.

நெல்லும் உடலும்

ஒரே நாளில் எடை ஏன் ஏறி இறங்குகிறது? இதற்கு விடை நம் களத்திலேயே கிடைக்கிறது.

100-க்கு 20 பங்கு ஈரமுள்ள நெல் 1,000 கிலோ இருக்கிறதெனக் கொள்வோம். வெயிலில் காயவைத்து ஈரத்தை 14 பங்காக்கினால் அதன் எடை ஏறக்குறைய 930 கிலோவாகும். 70 கிலோ எங்கே போயிற்று? மணி ஒன்றும் சிந்தவில்லை, நீர்தான் வற்றியது. ஆதலால்தான் கொள்முதல் நிலையத்தில் தராசோடு ஈரப்பதம் காட்டும் கருவியையும் வைத்திருக்கின்றனர்.

மனித உடலும் பெரும்பகுதி நீரே. ஒரு லிட்டர் நீர் அருந்தினால் உடனே 1 கிலோ கூடும். சித்திரை வெயிலில் வேலை செய்து வியர்த்தால் 1 கிலோவுக்கு மேலும் குறையலாம். ஊறுகாய், கருவாடு, அப்பளம் முதலிய உப்புப் பண்டங்களை மிகுதியாக உண்ட மறுநாள் உடல் நீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். மலச்சிக்கல் இருப்பினும் எடை கூடும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்திய நாட்களிலும் இவ்வாறு கூடுவதுண்டு. இவை யாவும் சேர்ந்து ஒரே நாளில் 1 கிலோ முதல் 2 கிலோ வரை எண்ணை ஏற்றி இறக்கவல்லவை. இவற்றுள் எதுவும் கொழுப்பன்று.

கொழுப்போ மெல்லவே சேரும், மெல்லவே கரையும். உடலில் 1 கிலோ கொழுப்பு கூடுவதற்கு ஏறத்தாழ 7,700 கலோரி மிகுதியாக உண்ண வேண்டும். 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி தரும். எனவே வழக்கமான உணவுக்கு மேலாக 2 கிலோவுக்கும் அதிகமான அரிசியைச் சமைத்து உண்டாலன்றி 1 கிலோ கொழுப்பு சேராது. விருந்துக்குச் சென்று வந்த மறுநாள் கருவி 1 கிலோ கூடுதலாகக் காட்டினால், அதில் மிகப் பெரும்பகுதி நீரும் செரியாத உணவுமே என்பது இதனால் விளங்கும்.

முதல் வாரத்தில் விரைவாக 2 கிலோ குறைவதற்கும் இதுவே காரணம். ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்பட்ட மாச்சத்து தன்னோடு ஏறத்தாழ மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். உணவைக் குறைத்தவுடன் அது செலவாகி நீரும் வெளியேறுகிறது. அடுத்த வாரங்களில் அவ்வேகம் தொடராது. அது கண்டு கலங்க வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

84 கிலோ எடையுள்ள உழவர் ஒருவர் உணவைச் சீராக்கி, நாள்தோறும் நடக்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் முதல் ஞாயிறு வரை அவர் குறித்த எண்கள் இவை:

முதல் வாரம்: 84.0, 83.4, 84.2, 83.8, 83.5, 84.3, 83.4. சராசரி 83.8.

இரண்டாம் வாரம்: 83.6, 83.0, 83.2, 84.0, 83.5, 83.0, 82.8. சராசரி 83.3.

இவர் முதல் திங்களன்றும் இரண்டாம் வியாழனன்றும் மட்டுமே பார்த்திருந்தால் இருமுறையும் 84.0 என்றே கண்டிருப்பார். "பத்து நாள் பட்ட பாடு வீண்" என்று எண்ணி, பழைய வழக்கத்துக்கே திரும்பியிருப்பார். ஆனால் சராசரியைக் கொண்டு பார்த்தால் வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்திருக்கிறது. இதுவே நல்ல வேகம். வாரத்துக்கு அரைக் கிலோ முதல் 1 கிலோ வரை குறைவது போதும். அதற்கு மேல் விரைவது தசையையும் வலிமையையும் கெடுக்கும்.

எத்தனை நாளுக்கொருமுறை?

இதுகாறும் கூறியவற்றிலிருந்து முறை தானே விளங்கும். இரு வழிகள் உள்ளன.

முதல் வழி, நாள்தோறும் ஒருமுறை பார்த்துக் குறித்து, வாரக் கடைசியில் ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுத்து, சராசரியை முந்திய வாரத்துச் சராசரியோடு ஒப்பிடுவது. ஒருநாள் மழையளவைக் கொண்டு பருவத்தை மதிப்பிடாதது போலவே, ஒருநாள் எண்ணைக் கொண்டு முயற்சியை மதிப்பிடலாகாது.

இரண்டாம் வழி, நாள்தோறும் பார்த்தால் மனம் அலைக்கழியும் என்போர்க்கு உரியது. அவர்கள் வாரத்துக்கு ஒருமுறை, குறித்த ஒரு கிழமையில் மட்டும் பார்க்கலாம். ஆனால் நான்கு வாரங்களின் எண்களைச் சேர்த்துப் பார்த்தே முடிவு கட்ட வேண்டும். பெண்கள் இந்த மாதத்து எண்ணைச் சென்ற மாதத்தின் அதே வாரத்து எண்ணோடு ஒப்பிடுதல் நலம்.

வாரத்துக்கு ஒருமுறைக்கும் குறைவாகப் பார்ப்பது போதாது. ஒரே நாளில் பலமுறை பார்ப்பதோ பயனற்றது.

எடை குறைந்த பின்னரும் கருவியை மூலையில் வைத்துவிடலாகாது. அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாநிலத்தில், தம் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குறைத்திருந்த 314 பேரை 18 மாதம் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். நாள்தோறும் எடை பார்க்கவும், எண் ஏறினால் உடனே உணவையும் உழைப்பையும் திருத்தவும் நேரில் பயிற்சி பெற்றவர்களில், 2.3 கிலோவோ அதற்கு மேலோ திரும்ப ஏறியவர்கள் 100-க்கு 46 பேர். செய்திமடல் மட்டும் பெற்றவர்களில் 72 பேர். எண்ணைக் காண்பதும், கண்டவுடன் செயல்படுவதும் சேர்ந்தே பயன் தந்தன என்பது கருதத்தக்கது. வரப்பில் சிறு உடைப்பை அன்றே அடைத்தால் ஒரு கூடை மண் போதும் அல்லவா?

பார்க்கும் முறை

1. காலையில் எழுந்து, மலசலம் கழித்தபின், ஒன்றும் உண்ணாமலும் பருகாமலும் பார்க்க வேண்டும்.

2. ஒரே கருவியை, சமமான சிமெண்டுத் தரையில் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாய்மீதோ மண்தரையிலோ வைத்தால் எண் பிழைபடும்.

3. மெல்லிய உடையுடன், செருப்பின்றி, அசையாமல் நிற்க வேண்டும். இறங்கி மீண்டும் ஏறினால் அதே எண் வருகிறதா என்று அவ்வப்போது சோதிக்கலாம். எடை தெரிந்த, பிரிக்காத அரிசி மூட்டையை வைத்துப் பார்ப்பதும் நல்ல சோதனையே.

4. கண்ட எண்ணை நாட்குறிப்பில் எழுத வேண்டும். மனக்கணக்கு உதவாது.

5. மாதம் இருமுறை இடுப்பின் சுற்றளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். எடை நின்றிருக்கும்போதும் இடுப்பு சுருங்குவதுண்டு.

மூன்று அல்லது நான்கு வாரம் சராசரி இறங்காவிடில், சோற்றின் அளவு, தேநீரில் இடும் சர்க்கரை, இடையிடையே கொறிக்கும் பண்டங்கள், நடக்கும் நேரம் ஆகியவற்றை மீண்டும் ஆராய வேண்டும். பட்டினி கிடத்தல் வழியன்று. எடை பார்க்கும் நாளில் நீர் அருந்தாமல் இருப்பதும் பேதி மருந்து உண்பதும் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வதேயாகும்.

எச்சரிக்கை

கருவுற்ற தாய்மாரும் வளரும் பிள்ளைகளும் தாமாக எடை குறைக்க முற்படலாகாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்போர், உணவைக் குறைக்குமுன் மருத்துவரிடம் கூறி மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இன்றேல் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். இதய நோயாளிக்கோ சிறுநீரக நோயாளிக்கோ சில நாட்களில் 2 கிலோ கூடினால், அது உடலில் நீர் கோத்ததாகலாம். காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். முயற்சி ஏதுமின்றியே சில மாதங்களில் எடை குறைந்துகொண்டே போவது மகிழ்ச்சிக்குரியதன்று. காசம், சர்க்கரை நோய் முதலியவற்றின் அறிகுறியாகலாம். எடை பார்ப்பதே கவலையாகி உணவும் உறக்கமும் கெடுமாயின், கருவியை விட்டு இடுப்பளவை மட்டும் பார்ப்பது நன்று.

ஊராட்சி செய்யக்கூடியது

ஒவ்வொரு வீட்டிலும் கருவி இருக்க இயலாது; இருக்க வேண்டியதுமில்லை. ஊராட்சி அலுவலகத்திலோ நூலகத்திலோ நல்ல கருவி ஒன்றை மறைவான இடத்தில் வைத்து, பார்க்கும் முறையைப் பலகையில் எழுதி மாட்டலாம். வாரம் ஒருநாள் காலையில் அவ்விடத்தைத் திறந்து வைப்பதே போதும். துணைச் சுகாதார நிலையத்துக் கருவியோடு அதை அவ்வப்போது ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். மகளிர் சுய உதவிக் குழுவினர் குறிப்பேடு எழுதக் கற்றுக்கொடுக்கலாம். ஒருவர் எடையைப் பிறர் கேட்க உரக்கக் கூறுவதும், யார் அதிகம் குறைத்தார் என்று போட்டி வைப்பதும் வேண்டா. அவை நாணத்தையும் அவசரத்தையும் வளர்க்குமேயன்றி நலத்தை வளர்க்கமாட்டா.

ஊராட்சி உறுப்பினர் தாமே முதலில் ஒரு குறிப்பேடு வாங்கி, வரும் திங்கட்கிழமை காலை முதல் எண்ணை எழுதுவாராக. நான்கு வாரங்கள் முடிந்தபின் அந்த நான்கு சராசரிகளையும் பார்த்து, அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்யட்டும். அதற்கு முன் எந்த ஒருநாள் எண்ணும் அவரை மகிழ்விக்கவும் வேண்டா, வருத்தவும் வேண்டா.