பழுப்பு நிறத்துக்கு டீத்தூள் போதுமா?

ஆடை வடிவமைப்புக் கல்லூரிகளின் இறுதியாண்டுக் கண்காட்சிகளில் சில காலமாக ஒரே நிறம் கண்ணை உறுத்துகிறது: பால் விடாத டீயின் நிறம். துப்பட்டா, குர்தா, மேசை விரிப்பு எல்லாம் அதே வெளிறிய பழுப்பு. பக்கத்தில் ‘முற்றிலும் இயற்கைச் சாயம்’ என்று ஓர் அட்டை. ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் வீடியோவில் பார்த்ததாகச் சொல்வார்கள். மீதிப் பேர் வீட்டில் அம்மா சொன்னதைச் சொல்வார்கள்: “கெமிக்கல் எல்லாம் வேண்டாம், அடுப்படியில இருக்கறத வெச்சு செய்.” சாயப்பட்டறைக் குடும்பத்துப் பிள்ளைகளின் கதை வேறு. அப்பா எடுத்துக் கொடுத்த ‘டார்க் பிரவுன்’ டப்பாவோடு அவர்கள் தேர்வு முடிந்துவிடும். துணியை யார் உடுத்தப்போகிறார், எத்தனை முறை துவைப்பார் என்பதை இரு தரப்பும் யோசிப்பதில்லை.

அம்மாக்களின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. சாயக் கழிவு ஓடிய நொய்யலாற்றைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். கழிவுநீர் விதிகளை மீறியதற்காகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் அவர்களுக்கு மறக்கவில்லை. பயம் நியாயமானதுதான். அதற்கு மருந்தாக டீத்தூளைத் தேடுவதில்தான் சிக்கல்.

பருத்திக்கு ரியாக்டிவ் சாயம், வாட் சாயம், செடி மரச் சாயம். பட்டுக்கும் கம்பளிக்கும் ஆசிட் சாயம். இந்தப் பட்டியலைத் துணிப் படிப்புக்கு வந்த எவரும் அறிவார். இவற்றில் வாட் சாயம் அசையாமல் பிடிக்கும், ஆனால் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோசல்பைட்டும் கேட்கும். பட்டறையில் ஒருவர் பக்கத்தில் நின்று பழகாதவர்கள் அதை வீட்டில் தொட வேண்டாம்.

இனி டீ. தேயிலையில் துவர்ப்புச் சத்து உண்டு, அது பருத்தியில் ஓரளவு ஒட்டும், உண்மை. காபியில் அதுவும் சொற்பம். முதல் சில சலவைகளிலேயே பெரும்பகுதி வாளித் தண்ணீரோடு போய்விடும். டீ பிடித்த துணியையும் காரமான சோப்பில் போட்டால் நிறம் திரியும். வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீர் என்றால், அதிலுள்ள இரும்பு துவர்ப்போடு சேர்ந்து பழுப்பைச் சாம்பலாக்கும். ஒரே டீத்தூள், ஒரே துணி. ஆனால் கோவையில் ஒரு நிறம், சென்னைப் புறநகரில் இன்னொரு நிறம். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் ‘நின்றுவிடும்’ என்று எல்லோரும் சொல்வார்கள். டீக் கறையைப் பருத்தியில் கட்டிப்போட வினிகரால் ஆகாது.

சரித்திரம் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1857இல் வட இந்தியாவில் போரிட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் வெள்ளைச் சீருடை தூரத்திலேயே பளிச்சென்று தெரிகிறது என்று டீ, காபி, சேறு, மை, கறித்தூள் எனக் கையில் கிடைத்ததில் எல்லாம் அதை முக்கி எடுத்தார்கள். ஒரே படைப்பிரிவுக்குள் ஆளுக்கொரு நிறம். துவைத்தாலும் வெயிலில் காய்ந்தாலும் நிலைக்கும் காக்கிக்கு 1884 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் அக்ரிங்டனைச் சேர்ந்த ஃபிரடெரிக் கேட்டி, குரோமியம், இரும்பு ஆக்சைடுகளைக் கொண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு ராணுவத்தையே கைவிட்ட முறை இப்போது ‘புதுமை’ என்று மதிப்பெண் வாங்குகிறது.

டீ வெளிறுகிறது என்று கண்டவர்கள் அடுத்துச் செய்வது இன்னும் மோசம். அன்னபேதி என்ற இரும்பு உப்போ துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரோ சேர்த்து ஆழமான பழுப்பு வாங்குவார்கள். நிறம் அழகாகத்தான் வரும். ஆனால் இரும்பு அதிகமானால் நூல் நாளடைவில் மக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க, பிரிட்டிஷ் ஒட்டுத்தையல் போர்வைகளில் மற்ற நிறத் துண்டுகள் நன்றாக இருக்க, பழுப்புத் துண்டுகள் மட்டும் உதிர்ந்து ஓட்டையாகிக் கிடப்பதை அருங்காட்சியகங்களில் காணலாம். இரும்புச் சாயத்தின் வேலை அது. அன்னபேதி போடுவதென்றால் துணி எடையில் நூற்றுக்கு இரண்டைத் தாண்டக் கூடாது. பட்டில் அதற்கும் குறைவு.

இயற்கைச் சாயம்தான் வேண்டும் என்பவருக்கு நாட்டுமருந்துக் கடையிலேயே பதில் இருக்கிறது: காசுக்கட்டி. கருங்காலி மரத்தின் வைரத்தைக் கொதிக்கவைத்து இறுக்கி எடுப்பது; வெற்றிலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். இக்கட்டுரையாளருக்கு அதன்மேல் ஒரு சாய்வு உண்டு என்பதையும் வாசகர் கணக்கில் கொள்ளட்டும். ஒரு காலத்தில் பிரிட்டனின் மீனவர்கள் பாய்களும் வலைகளும் உப்புநீரில் மக்காமலிருக்க இதில் ஊறவைத்தார்கள். டீயில் ஊறிய பாயை எவரும் கடலுக்குக் கொண்டுபோகவில்லை.

கஞ்சி நீங்க நன்றாக அலசிய துணி. அதன் எடையில் கால் பங்கு காசுக்கட்டி. வெந்நீரில் கரைத்து வடிகட்டி, கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் சூடுகாட்டி, இரவு முழுக்க அதிலேயே விடலாம். பிறகு சலவை சோடா கரைத்த நீரில் ஒரு முக்கு முக்கினால் செம்மை ஏறும். கடுக்காய்ச் சாற்றோடு சேர்த்தால் மஞ்சள் கலந்த பழுப்பு, மஞ்சிட்டியோடு சேர்த்தால் செங்கல் நிறம். மயில்துத்தம் பிடிப்பைக் கூட்டும், ஆனால் அது செம்பு உப்பு. மீதியைச் சாக்கடையில் கொட்டுகிறவர்கள் ‘இயற்கை’ அட்டையை எடுத்துவிடுவது நாணயம். கடைக்குக் கடை காசுக்கட்டி மாறும் என்பதால் ஒரு திட்டத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும்.

அடுத்தது அப்பாவின் டப்பா. ரியாக்டிவ் சாயம் பருத்தி நூலோடு வேதிப் பிணைப்பாகவே இறுகுவது. பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் ராட்டி, ஸ்டீபன் என்ற வேதியியலாளர்கள் கண்டறிந்ததை அந்நிறுவனம் 1956இல் ‘புரோசியான்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. குளிர்ந்த நீர், உப்பு, சோடா ஆஷ் போதும். ஆனால் டப்பாவில் வரும் பழுப்பு அநேகமாக ஒற்றைச் சாயமல்ல. சிவப்பு, மஞ்சள், நீலத்தின் கலவை. ஈர டிஷ்யூ தாளில் ஒரு சிட்டிகை தூவிப் பார்த்தால் புள்ளி புள்ளியாக உண்மை தெரிந்துவிடும். முழுத்துணியைத் தொட்டியில் முக்குகிறவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. சுங்குடி போல முடிச்சுப் போடுகிறவருக்கு உண்டு: ஒவ்வொரு சாயமும் ஒவ்வொரு வேகத்தில் ஊர்ந்து பிடிப்பதால் முடிச்சின் ஓரத்தில் எதிர்பாராத இளஞ்சிவப்போ மஞ்சளோ வளையம் கட்டும்.

ஆகவே தானே கலப்பது நல்லது. பழுப்பு என்பது இருண்ட ஆரஞ்சு. ஆரஞ்சில் தொடங்கி நேவி நீலத்தைக் கடைசியில் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். நீலம் முந்தினால் பழுப்பு சேறாகும். டர்க்கைஸைக் கலவையில் சேர்க்க வேண்டாம். அது மெதுவாகப் பிடிப்பது, சூடும் கேட்கும். ஒவ்வொரு சாயத்திலும் ஒரு கிராமை நூறு மில்லி நீரில் கரைத்து வைத்துக்கொண்டால் சிரிஞ்சால் அளக்கலாம். நூறு கிராம் துணிக்கு இரண்டு சதவீத ஷேடு என்றால் எல்லாக் கரைசலும் சேர்ந்து இருநூறு மில்லி. தூளைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம். மூச்சுக்குழாய்க்கு ஒவ்வாமை தரக்கூடியது. ஈரத்தில் எல்லாப் பழுப்பும் அழகுதான். காயவைத்து, இஸ்திரி போட்டு, வெயிலிலும் டியூப்லைட்டிலும் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்லலாம்.

இதற்கெல்லாம் பொறுமை வேண்டும். எல்லோருக்கும் அது ஒரே அளவில் வாய்ப்பதில்லை. சாம்பிள் துண்டுகளைத் தேதி, எடை, தண்ணீர் விவரத்தோடு நோட்டில் ஒட்டுவது சலிப்பான வேலை. அந்தச் சலிப்பைத் தாங்குகிறவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே அடையாளம் தெரிவார்கள். மற்றவர்களுக்கு அச்சுப்பதிப்பும் தையலும் பூவேலையும் இருக்கின்றன. வெயிலில் நிறம் தாங்குகிறதா என்று பார்க்க ஒவ்வொரு துண்டிலும் பாதியை அட்டையால் மூடி மேற்கு ஜன்னலில் சில வாரம் விட்டுவைக்கவும் அதே குணம்தான் வேண்டும். டீத்துணிகள் அங்கே சீக்கிரம் சாயம் வெளுக்கும்.

கண்ணையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிவப்பு–பச்சை பேதம் தெரியாத குறை பெண்களைவிட ஆண்களில் பல மடங்கு அதிகம். அவர்களுக்குப் பழுப்பும் பாசிப்பச்சையும் குழம்பும். நிறப்பார்வையைச் சோதிக்க 1917 முதல் புழங்கும் இஷிஹாரா அட்டைகளைக் கண் மருத்துவரிடம் படித்துக்காட்டச் சில நிமிடம் போதும். பட்டறை இருக்கிறதே என்று மகனைச் சாயத் துறைக்கு அனுப்பும் அப்பாக்கள் கட்டணம் கட்டுவதற்கு முன் அதைச் செய்துவிடலாம். குறை இருந்தாலும் தராசையும் சிரிஞ்சையும் நம்பி வேலை செய்ய முடியும்; ஷேடு பார்க்க மட்டும் பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும்.