பெட்டியை மாற்றும் முன் வயரைப் பார்

ஃபைபர் படகுக்காரர் ஒருவர் அவுட்போர்டு மோட்டாரைத் தோளில் சுமந்து பட்டறைக்கு வருகிறார். கூடவே ஒரு மஞ்சள் பை. அதற்குள் இரண்டு சிடிஐ (இக்னிஷன்) பெட்டிகள். மூன்றாவது மோட்டாரிலேயே இருக்கிறது.

“தம்பி, கரையில வச்சு இழுத்தா ஒரே இழுப்புல ஓடுது. கடல்ல அரை மணி நேரம் போனா நின்னுடுது. கொஞ்ச நேரம் சும்மா கெடந்தா திரும்ப ஓடுது. ரெண்டு தடவை பெட்டி மாத்தியாச்சு.”

இதில் முதல் மூன்று வாக்கியங்களிலேயே கோளாறு பாதி பிடிபட்டுவிடுகிறது. மீதியை மல்டிமீட்டர் சொல்லும். அதைக் கேட்காமல் பெட்டியைக் கழற்றுபவர் உதிரிபாகம் மாற்றுபவர், கேட்பவர் மெக்கானிக். இந்தத் தொழிலில் பெயரும் வருமானமும் இரண்டாமவருக்குத்தான்.

கரண்ட் எங்கிருந்து வருகிறது?

நம் கரையோரங்களில் மண்ணெண்ணெயில் ஓடும் சிறிய டூ ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கு பேட்டரி கிடையாது. ஃபிளைவீலில் உள்ள காந்தம் சுற்றும்போது சார்ஜ் காயிலில் மின்சாரம் பிறக்கிறது. சிடிஐ பெட்டி அதைச் சில நூறு வோல்ட்டாகக் கெப்பாசிட்டரில் சேர்த்து வைக்கிறது. ‘இப்போது விடு’ என்று பல்சர் காயில் குறிப்புக் கொடுத்ததும், சேர்ந்தது மொத்தமும் இக்னிஷன் காயிலுக்குள் பாய்ந்து, பல ஆயிரம் வோல்ட்டாகப் பெருகி பிளக்கில் பொறியாகிறது.

ஆக, பிளக்கில் கரண்ட் வரவில்லை என்றால் சந்தேகப் பட்டியலில் சார்ஜ் காயில், பல்சர் காயில், சிடிஐ, இக்னிஷன் காயில், பிளக்கும் அதன் கேப்பும், இவற்றை இணைக்கும் வயர்கள், ஸ்டாப் சுவிட்ச் என்று ஏழு பேர் இருக்கிறார்கள். ஏழில் ஒன்றுதான் பெட்டி. அதை முதலில் பிடிப்பதற்கு நியாயமே இல்லை.

ஒரு நிமிடச் சோதனை

இந்த மோட்டார்களை நிறுத்தும் முறையே, ஸ்டாப் வயரை எர்த்தில் சேர்ப்பதுதான். உப்புத் தண்ணீர் புகுந்த சுவிட்சோ, தேய்ந்து எஞ்சின் பாடியில் உரசும் வயரோ அதே வேலையைத் தானாகவே செய்துவிடும். பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் கழன்றிருந்தாலும் கரண்ட் வராது. ஆகவே முதலில் கிளிப்பைப் பாருங்கள். அடுத்து ஸ்டாப் வயரை (யமஹாவில் வெள்ளை நிறம்) அதன் இணைப்பில் கழற்றிவிட்டு ஸ்டார்ட் கயிற்றை இழுங்கள். கரண்ட் வந்தால் கோளாறு சுவிட்சிலோ அதன் வயரிலோதான், பெட்டி நிரபராதி.

இரண்டு எச்சரிக்கைகள். வயர் கழன்ற நிலையில் எஞ்சின் ஓடத் தொடங்கினால் சுவிட்சால் நிறுத்த முடியாது. சோக்கை இழுத்துத்தான் அணைக்க வேண்டும். பொறியைப் பார்க்கக் கழற்றிய பிளக்கை எஞ்சின் பாடியில் நன்றாக எர்த் கொடுத்து, பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்துத்தான் இழுக்க வேண்டும். துளையிலிருந்து எரிபொருள் ஆவி வரும்; பொறி அருகில் இருந்தால் தீப்பிடிக்கும். எர்த் இல்லாமல் இழுத்தால், நன்றாக இருந்த சிடிஐயும் கெட்டுப்போகலாம்.

காயிலை அளப்பது எப்படி?

காயில்களின் ஓம் அளவை அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டோடு ஒப்பிடுங்கள். ஆனால் ஆறிய எஞ்சினில் அளவு சரியாக இருப்பதாலேயே காயில் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். நம் படகுக்காரர் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது.

அவர் மோட்டாரின் பல்சர் காயிலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, ஹேர் டிரையரால் காயிலை மெல்லச் சூடாக்கினோம். இரண்டு நிமிடம் அளவு அசையவில்லை. மூன்றாவது நிமிடம் மீட்டரில் எண் துள்ளியது. பிறகு எண்ணே மறைந்து ‘ஓ.எல்.’ என்று நின்றது. உள்ளே தலைமுடி போன்ற கம்பி எங்கோ விட்டிருக்கிறது. குளிரில் முனைகள் ஒட்டிக்கொள்கின்றன, சூட்டில் விலகிவிடுகின்றன. கரையில் லோடு இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தவர்கள் எவருக்கும் இது தெரிந்திருக்காது.

இன்னொன்று: சிடிஐயிலிருந்து வருவது தொடர் மின்சாரம் அல்ல, கண்சிமிட்டும் நேரத் துடிப்பு. சாதாரண மல்டிமீட்டர் அதன் உச்சத்தைப் பிடிக்காமல் குறைவாகக் காட்டும். அதை நம்பி நல்ல பெட்டியைத் தூக்கிப் போட்டவர்கள் பலர். உச்ச வோல்டேஜைக் காட்டும் பீக் வோல்டேஜ் அடாப்டர் ஒன்றை மீட்டரோடு சேர்த்து வாங்கிவிடுங்கள்.

ஈசியு உள்ள மோட்டார் என்றால்

ஃபோர் ஸ்ட்ரோக், ஃபியூயல் இன்ஜெக்ஷன் மோட்டார்களில் ஈசியு என்னும் கணினிதான் எரிபொருளையும் பொறியையும் தீர்மானிக்கிறது. லேப்டாப்பை இணைத்துப் பார்க்க யமஹாவுக்கு ஒய்டிஎஸ், சுசுகிக்கு எஸ்டிஎஸ் என்று தனித்தனி மென்பொருள் உண்டு. ஆனால் லேப்டாப்பைத் திறக்குமுன் இந்த வரிசையில் போங்கள்:

1. பேட்டரி. முழுச் சார்ஜில் நிற்கும்போது 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியையும் கேபிளையும் சந்தேகியுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை என்ற புகாரில் பல சமயம் ஈசியு வோல்டேஜ் போதாமல் தூங்கியிருக்கும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருந்தால் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம்.

2. எர்த். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் பாடியிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், இடையில் துரு, பெயின்ட், தளர்ந்த போல்ட் ஏதோ ஒன்று இருக்கிறது.

3. கப்ளர்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது வயர் கட்டை ஆட்டிப் பாருங்கள். இரைச்சல் மாறும் இடம்தான் நோயின் இடம். ஒரே ஒரு இழை மிஞ்சிய வயரும் மீட்டரில் ‘பீப்’ அடிக்கும். ஆகவே பவர் வயரில் 12 வோல்ட் ஹெட்லைட் பல்பைக் கட்டி எரியவிட்டுப் பாருங்கள். மங்கினால் வயர் செத்துவிட்டது.

4. சென்சார்கள். பல சென்சார்களுக்கு ஈசியு ஒரே 5 வோல்ட் சப்ளையைப் பகிர்ந்து கொடுக்கிறது. ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாமே பழுதானது போலக் காட்டும். மூன்று நான்கு கோளாறுக் கோடுகள் (ஃபால்ட் கோட்) ஒரே நேரத்தில் வந்தால், சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. வெப்ப சென்சாரைச் சோதிக்க ஒரு டம்ளர் வெந்நீர் போதும். சூடு ஏற ஏற ஓம் சீராகக் குறைய வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கோடு சொல்வது ஒரு சர்க்யூட்டின் பெயரை; கெட்ட பாகத்தின் பெயரை அல்ல. ‘த்ராட்டில் சென்சார்’ என்று வந்தால் சென்சாரும் இருக்கலாம், அதற்குப் போகும் வயரும் இருக்கலாம்.

வேகம் திடீரென்று 2,000 ஆர்பிஎம் அளவுக்கு இறங்கி, பஸர் அடித்தால் பதற வேண்டாம். சூடு மிஞ்சும்போதோ ஆயில் பிரஷர் குறையும்போதோ எஞ்சினைக் காப்பாற்ற ஈசியு போடும் கடிவாளம் அது. ஆயில் அளவையும், பக்கத் துளையில் தண்ணீர் அடிக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். அடிக்காவிட்டால் தண்ணீர் நுழைவாயில் அடைப்பையும் தண்ணீர் பம்பின் இம்பெல்லரையும் பார்ப்பது லேப்டாப்பைவிட அவசரம்.

செய்யவே கூடாதவை

எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றாதீர்கள். எழும்பும் வோல்டேஜ் ரெக்டிஃபையரையும் ஈசியுவையும் எரித்துவிடும். பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தாலும் அதே கதிதான். அளப்பதற்காக ஊசியால் வயரைக் குத்தாதீர்கள். அந்தத் துளை வழியே உப்பு புகுந்து, சில மாதங்களில் உள்ளே செம்பு பச்சைப் பொடியாகிவிடும். ரெசிஸ்டர் பிளக் கேட்கும் மோட்டாரில் சாதாரண பிளக் போட்டால் ஈசியு குழம்பும். என்ஜிகே பிளக்கின் எண்ணில் ‘ஆர்’ எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தண்ணீர் கொடுக்காமல் மோட்டாரை ஓட்டிச் சோதிக்காதீர்கள், இம்பெல்லர் போய்விடும்.

இதைத் தொழிலாக்க

ஐடிஐயில் டீசல் மெக்கானிக் அல்லது எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள், ஒரு கடற்கரைப் பட்டறையில் சேர்ந்து கைப்பழக்கம் பெறலாம். முறையாகப் படிக்க விரும்பினால், மத்திய அரசின் சிஃப்நெட் நிறுவனம் கொச்சியிலும், சென்னை, விசாகப்பட்டினம் கிளைகளிலும் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மரைன் ஃபிட்டர் பயிற்சி அளிக்கிறது. மண்ணெண்ணெய் மோட்டாரோடு நிறுத்திக்கொள்ளாமல் ஃபோர் ஸ்ட்ரோக்கையும் கற்றால், சுற்றுலாப் படகுத்துறைகளின் கதவும் திறக்கும்.

கருவியைவிட முக்கியம் ஒரு நோட்டு. பழுதாகி வரும் மோட்டாரை மட்டும் அளந்தால் போதாது. சாதாரண சர்வீசுக்கு வரும் நல்ல மோட்டாரின் காயில் ஓமையும் பீக் வோல்டேஜையும் மாடல் வாரியாகக் குறித்து வையுங்கள். ஒரு வருடத்தில் உங்கள் நோட்டு கையேட்டுக்குச் சமமாகும். கையேடே கிடைக்காத பழைய மாடலுக்கு அதுதான் கையேடு.

கோளாறு கண்டுபிடிக்கும் கூலியைத் தனியாக, வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மின்சாதன உதிரிபாகத்தை ஒருமுறை மாட்டிவிட்டால் கடைக்காரர் திரும்ப எடுப்பதில்லை. தவறான கணிப்பின் செலவு முழுவதும் படகுக்காரர் தலையில்தான் விழும். மீட்டரை அவர் கண்முன்னே வைத்துக் காட்டுங்கள். எண்ணைப் பார்த்தவர் கூலியில் பேரம் பேசுவது குறைவு.

அந்தப் படகுக்காரரும் பார்த்தார். பல்சர் காயில் மாற்றி, தண்ணீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் மோட்டார் நிற்காமல் ஓடிய பிறகு, மஞ்சள் பையைத் தூக்கிக் காட்டி, “அப்போ இந்த ரெண்டும்?” என்றார்.

இரண்டையும் மாட்டிப் பார்த்தோம். இரண்டிலும் ஓடியது.

“ஸ்பேரா வச்சுக்குங்கண்ணே. இனி உங்களுக்குப் பெட்டிப் பஞ்சமே இல்ல.”