சினைக்காலத்து நஞ்சும் குட்டியின் பிற்கால நடத்தையும்

பசு இரட்டைக் கன்றுகளை ஈன்று, அவற்றுள் ஒன்று நாம்பனாகவும் மற்றது நாகாகவும் இருப்பின், அந்நாகு வளர்ந்த பின்னர் பெரும்பாலும் சினைப்படுவதில்லை என்பதை மாடு வளர்க்கும் கமக்காரர் அறிவர். தீனிக் குறைவோ கண்ணூறோ இதற்குக் காரணமன்று. கருப்பையில் இரு கன்றுகளின் குருதிக் குழாய்களும் இணைந்துவிடுவதால், நாம்பன் கன்றின் உடலிற் சுரக்கும் ஓமோன்கள் நாகின் உடலிலும் பாய்கின்றன. இனப்பெருக்க உறுப்புக்கள் அமையும் வேளையிலேயே இது நிகழ்வதால் அவை செம்மையாக அமைவதில்லை. பிறந்தபின் எவ்வைத்தியம் செய்யினும் பயனில்லை.

ஓமோன் என்பது உடலிலுள்ள சுரப்பிகள் குருதியிற் கலக்கும் ஒரு பொருள். மிகச் சிறிய அளவே பெரும் வேலை செய்யும். வளர்ந்த விலங்கில் அது குறைந்தும் கூடியும் வரும்; அதற்கேற்ப விலங்கின் நடத்தையும் மாறி மீளும். கருவிலோ நிலைமை வேறு. மூளை உருவாகும் நாட்களில் ஓமோன் செய்த வேலை வாழ்நாள் முழுதும் நிலைத்துவிடும்.

1959 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கன்சாசுப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கியது. சினைக் கினிப்பன்றிகளுக்கு ஆண்பால் ஓமோன் ஏற்றப்பட்டது. பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்து பருவமெய்தியதும், ஆணை ஏற்கும் இயல்பு குன்றி, ஆணைப்போற் பிற விலங்குகள்மீது ஏறும் நடத்தையைக் காட்டின.

இஃது எமக்கு எவ்வாறு பொருந்தும் எனக் கேட்கலாம். பயிருக்குத் தெளிக்கப்படும் நஞ்சுகளுட் சில, ஓமோனைப்போலவே உடலில் வேலை செய்கின்றன. வேறு சில, ஓமோன் சென்று பொருந்தவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கின்றன. பூட்டினுள் வேறொரு திறப்பு சிக்கிக்கொண்டால் உரிய திறப்பு நுழையாதது போல.

1995 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் சினைச் சுண்டெலிகளுக்கு டீ.டீ.ரீ.யின் ஒரு வகையையும், மெதொட்சிக்குளோர் என்னும் பூச்சிநாசினியையும் தனித்தனியே ஊட்டினர். பிறந்த ஆண் குட்டிகள் பார்வைக்குக் குறையின்றி வளர்ந்தன. ஆயினும் புதிய இடத்தில் விட்டபோது, தம் எல்லையைக் குறிக்கச் சிறுநீர் விடும் பழக்கம் அவற்றில் மிகுந்திருந்தது. டீ.டீ.ரீ. இலங்கையிற் பயிருக்குத் தடைசெய்யப்பட்டு நெடுங்காலமாயிற்று. மெதொட்சிக்குளோர் 2023 இல் தொக்கோம் உடன்படிக்கையின்கீழ் ஒழிக்கப்படவேண்டிய பொருட்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

மரக்கறிச் செய்கையாளர் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது வின்குளோசொலின் பற்றிய செய்தி. இது பல நாடுகளில் முந்திரிகைக்கும் மரக்கறிக்கும் பயன்பட்ட பங்கசுநாசினி. ஆண்பால் ஓமோனின் வேலையைத் தடுப்பது. சினை எலிகளுக்கு இதனை ஊசிமூலம் ஏற்றி, அவற்றின் வழித்தோன்றல்களைத் தொடர்ந்து நோக்கினர். நஞ்சு பெற்றது முதற் தாய் மட்டுமே. அவ்வாறிருந்தும் மூன்றாந் தலைமுறை ஆண்களை வேறு ஆண்களுடன் வைத்தபோது, பெண் எலிகள் நஞ்சு படாத வழியில் வந்த ஆண்களையே நாடின என 2007 இல் அறிவிக்கப்பட்டது. ஏற்றிய அளவு உணவின் வழியாக ஒருவருக்குச் சேரக்கூடியதினும் மிக அதிகம் என்பதையும் சொல்லவேண்டும். ஆதலால் மருந்தடித்த கத்தரிக்காயைத் தின்றவர் யாவருக்கும் இக்கதி நேரும் என எண்ணி அஞ்சுதல் தவறு. கெடுதி பிறந்தவுடன் கண்ணுக்குப் புலப்படாது என்பதே இவ்வாராய்ச்சிகளில் நாம் கவனிக்கவேண்டியது. குட்டி நலமாய்ப் பிறந்தது கொண்டு தீங்கில்லை என முடிவு செய்தலாகாது.

எனவே சினைப்பசுவையும் சினையாட்டையும் புதிதாக மருந்து தெளித்த வயல் வரப்பிற் கட்டுதல் கூடாது. கழித்த கோவா இலை, பயற்றங்கொடி முதலியவற்றை, சிட்டையிற் குறித்த காத்திருப்பு நாட்கள் கழியுமுன் தீனியாக இடவேண்டாம். தெளிகருவியை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கழுவுவது பலரிடமுள்ள வழக்கம்; அந்நீரையே கால்நடையும் வீட்டாரும் குடிக்கின்றனர். கருவுற்ற பெண்கள் மருந்து கலக்குதலும் தெளித்தலும் ஆகா. மருந்தடித்தவரின் உடுப்பை அவர்கள் தோய்ப்பதும் ஆகாது. இதனைப் பெரும்பாலான வீடுகளில் எவரும் நினைப்பதில்லை. அவ்வுடுப்பைத் தெளித்தவரே, ஏனைய உடுப்புக்களோடு சேர்க்காது, தனியாகத் தோய்த்தல் வேண்டும். சிட்டை கிழிந்த போத்தலில் என்ன மருந்து உள்ளது என்பதில் ஐயமிருப்பின், அதனைப் பயன்படுத்தாது, பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக.