இமைமேல் கை வைக்குமுன்

நரம்பியல் ஐ.சி.யூ.வில் முதல் டியூட்டிக்குப் போகிறாய், கண்ணு. மண்டையில் துளை போடாமலே உள்ளழுத்தத்தை அறியும் கருவிகள் இப்போது உன் கைக்குள் இருக்கின்றன. தொடுமுன் இவற்றைக் கேட்டுக்கொள்.

1. முதலில் ஆளைப் பார். பெயர் சொல்லிக் கூப்பிடு. கண் திறக்கிறாரா, சொன்னதைச் செய்கிறாரா என்று கவனி. டார்ச் அடித்து இரண்டு கண்பாப்பாவும் ஒன்றுபோலச் சுருங்குகின்றனவா பார். என் ஆசான் நினைவு தப்பிக் கிடப்பவரிடமும், "ஐயா, கண்மேல ஜெல் வைக்கிறேன், கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார்.

2. "நல்லாத்தானே இருக்கார்" என்ற பேச்சில் மயங்கிவிடாதே. மூளை, இரத்தம், மூளைநீர் மூன்றும் ஓட்டுக்குள் அடைபட்டவை. ஒன்று பெருத்தால் மற்றவை விலகி இடம் கொடுக்கும். மன்ரோ 1783-லும் கெல்லி 1824-லும் சொல்லிப்போன பாடம் இது. இடம் தீரும்வரை அழுத்தம் பெரிதாக ஏறாது. தீர்ந்துவிட்டால் கிடுகிடுவென ஏறும். சாயங்காலம் வீட்டு விலாசம் சொன்னவர் விடியற்காலையில் விழிக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

3. அவசரப்படாதே. மூளையைச் சூழ்ந்த நீர் பார்வை நரம்பின் உறைக்குள்ளும் இருக்கிறது. உள்ளே அழுத்தம் கூடினால் உறை உப்பும். அதை அல்ட்ராசவுண்டில் அளக்க, மூடிய இமைமேல் ஜெல்லைத் தாராளமாக வை. ப்ரோப் ஜெல்லில் மிதக்கட்டும், கண்ணை அழுத்தக் கூடாது. மெஷின் கண்ணுக்குரிய செட்டிங்கில் இருக்கிறதா பார். விழிக்கோளத்துக்கு 3 மி.மீ. பின்னால், உறையின் குறுக்களவை எடு. இரண்டு கண்ணிலும், கிடையாகவும் நெடுக்காகவும். சந்தேக எல்லை என்று ஆய்வுகள் சொல்வது 5-க்கும் 6 மி.மீ.க்கும் நடுவே எங்கோதான். அரை மில்லிமீட்டர் கை பிசகினால் தீர்ப்பே மாறும். பதறாத காரியம் சிதறாது. விழி கிழிந்திருக்குமோ என்ற ஐயம் இருந்தால் தொடவே தொடாதே.

4. வந்த அளவை எழுது. சி.டி. ஸ்கேனுக்குப் பொருந்தும்வரை திரும்பத் திரும்ப அளந்து, பொருந்தியதை மட்டும் கேஸ் ஷீட்டில் எழுதிய ஒருவரோடு வேலை பார்த்தேன். பார்க்க ஒழுங்கான ஷீட். அடுத்த டியூட்டிக்கு வந்தவர் அதை நம்பித்தான் முடிவெடுத்தார். ஒரு கண்ணில் 5.2, மறு கண்ணில் 5.9 வந்தால் இரண்டையும் எழுது.

5. எட்டாததை எட்டாதென்று சொல். படுத்திருக்கும் பெரியவருக்கு இயல்பான அழுத்தம் 7 முதல் 15 மி.மீ. பாதரசம்; தலைக்காயத்தில் 22-ஐத் தாண்டினால் சிகிச்சை என்கிறது 2016 வழிகாட்டி. அந்த எண்ணைத் திட்டமாகத் தருவது உள்ளே வைக்கும் கருவிதான். உறை அளவைப் பாதரசக் கணக்காக்கிச் சொல்லாதே. மூளை இரத்தக்குழாய் ஓட்டத்தை ஓட்டுக்கு வெளியிலிருந்தே பார்க்க 1982-இல் ஆஸ்லிட் கொண்டுவந்த டாப்ளரும் அப்படித்தான். சிலருக்குப் பொட்டெலும்பு ஒலியை உள்ளே விடாது. "கிடைக்கவில்லை" என்று எழுதுவதில் வெட்கமில்லை.

6. நர்ஸ் வந்து, "என்னமோ சரியில்ல டாக்டர்" என்றால் உடனே எழுந்து போ. இரத்த அழுத்தம் ஏறி, நாடி மெதுவாகி, மூச்சு தாறுமாறாவது குஷிங் சொன்ன அறிகுறி. அது தெரியும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். அந்த அம்மாவின் கண் அதற்கு முன்பே பார்த்துவிடும். தலைமாட்டை 30 டிகிரி உயர்த்து. கழுத்து நேராக இருக்கிறதா, காலர் இறுகியிருக்கிறதா பார். மூத்தவரைக் கூப்பிடத் தயங்காதே.

7. பாடத்தையும் கேள்வி கேள். பெரியவர்களின் மண்டை ஓடு கொஞ்சமும் விரியாது என்றுதான் நாங்கள் படித்தோம். பிரேசிலின் இயற்பியலாளர் செர்ஜியோ மஸ்கரேன்ஹாஸுக்கு முதுமையில் மூளைநீர் தேக்கம் வந்தது. அழுத்தத்தை அறியத் துளைதான் வழியா என்று கேட்டவர், ஓடு இம்மியளவு விரிவதை வெளியிலிருந்தே உணரும் சென்சாரை உருவாக்கினார். ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் அந்த சென்சார் காட்டும் அலையில் இரண்டாம் முகடு முதல் முகட்டை மிஞ்சினால், உள்ளே இடம் குறைகிறது என்று கவனமாகு.

8. வாசலில் அந்த வீட்டார் நிற்பார்கள். மில்லிமீட்டர் கணக்கு அவர்களுக்கு வேண்டாம். உட்கார்ந்து பேசு; நேற்றைக்கு இன்று எப்படி என்று சொல். ராத்திரி பத்து மணிக்கு மறுபடி பார்ப்பேன் என்றால், பத்து மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, வெளியே வந்து அவர்களிடம் சொல்.