தனி உறுப்பினர் மசோதாவும் முன்னறிவிப்பு முறையும்

நாடாளுமன்றத்தில் உறுப்பினர் ஒருவர் எழுந்து நின்று தாம் விரும்பியதையெல்லாம் பேசிவிடலாம் என்று எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. அங்கு நிகழும் விவாதங்களுள் பெரும்பாலானவற்றிற்கு முன்பாக ஒரு தாள் செல்கிறது. 'இன்ன பொருள் குறித்து அவையில் இதனை முன்மொழிய விழைகிறேன்' என எழுதிக் கையொப்பமிட்டு அவையின் செயலகத்தில் அளிக்கப்பெறும் அத்தாளே முன்னறிவிப்பு எனப்படும்.

இதற்குரிய கால அளவு பொருளுக்கேற்ப வேறுபடும். மக்களவையில் அமைச்சரிடம் வினா எழுப்புவதற்குப் பதினைந்து முழு நாட்கள் முன்னதாக எழுதித் தருதல் வேண்டும். அமைச்சரவையின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொணர்வோர் அன்று காலை 10 மணிக்குள் கொடுத்தால் போதுமானது. ஆயினும் 50 உறுப்பினர்கள் தத்தம் இடத்தில் எழுந்து நின்று ஆதரவு காட்டினால்தான் அது விவாதத்திற்கு ஏற்கப்படும். சபாநாயகரை நீக்கக் கோரும் தீர்மானத்திற்கோ அரசமைப்புச் சட்டமே 14 நாட்கள் என்று வரையறுத்துள்ளது. எவரையும் எதிர்பாராத வேளையில் தாக்குதல் ஆகாது, மறுமொழி கூறுவோர்க்கும் ஆயத்தம் செய்ய அவகாசம் வேண்டும் என்னும் நியாயமே இவ்விதிகளின் அடிப்படையாகும்.

இவற்றுள் நம் சிந்தனைக்குப் பெரிதும் உரியது தனி உறுப்பினர் மசோதா. அமைச்சர் அல்லாத உறுப்பினர் அனைவரும் தனி உறுப்பினரே. அவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவராயினும் சரியே. அத்தகையவர் ஒரு சட்டத்தை முன்மொழிய விரும்பினால் ஒரு மாத முன்னறிவிப்பு தருதல் வேண்டும். மசோதாவின் படியும், நோக்கங்களையும் காரணங்களையும் விளக்கும் உரையும் அத்துடன் இணைக்கப்பெற வேண்டும். செலவு ஏற்படுமாயின் நிதிக் குறிப்பும் தேவை. இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து பணம் செலவாகும் எனின், குடியரசுத் தலைவரின் பரிந்துரையின்றி அவை அதனை நிறைவேற்ற இயலாது. நல்லெண்ணம் ஒன்றை மட்டும் கைக்கொண்டு வந்தவர் பலர் இந்தப் படியிலேயே களைத்துப் போவதுண்டு.

அடுத்தது நாள் குறிக்கும் பணி. மக்களவையில் வெள்ளிக்கிழமை அமர்வின் இறுதி இரண்டரை மணி நேரமே தனி உறுப்பினர் அலுவலுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. அந்நேரத்தைப் பங்கிடுவதற்கென்றே 1953-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு குழு அமைக்கப்பெற்றது. அதன் உறுப்பினர்கள் 15 பேர். அரசமைப்பைத் திருத்தும் மசோதாக்களை அறிமுகத்திற்கு முன்னரே ஆராய்வதும், அறிமுகமான மசோதாக்களை அவற்றின் அவசரம், இன்றியமையாமை ஆகியவற்றை நோக்கி 'அ', 'ஆ' என இரு வகையாகப் பிரிப்பதும், ஒவ்வொன்றிற்கும் எத்தனை மணி நேரம் எனப் பரிந்துரைப்பதும் இக்குழுவின் கடமைகள். பின்னர் முந்துரிமை குலுக்கல் முறையில் முடிவாகும். உத்தரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை நமக்கு நினைவு வரக்கூடும். அங்கு ஓலை வாரிய உறுப்பினரைத் தேர்ந்தது. இங்கு சீட்டு எந்த மசோதா முதலில் பேசப்படும் என்பதைத் தேர்கிறது. ஆழ்ந்து உழைத்தவரின் மசோதா பின்னுக்குத் தள்ளப்படுதலும் நிகழ்வதே.

இத்தனை தடைகளைக் கடந்து சட்டமானவை எத்தனை? 1952 முதல் 1970 வரை பதினான்கு. அதன்பின் ஒன்றுமில்லை.

அப்பதினான்கனுள் முதலாவது நம் சமுதாயத்தார் அறிந்திருக்க வேண்டியது. 1952-இல் சையத் முகமது அகமது காஸ்மி மக்களவையில் முன்மொழிந்த முஸ்லிம் வக்ஃபு மசோதா 1954 மே மாதத்தில் குடியரசுத் தலைவரின் இசைவைப் பெற்றுச் சட்டமாயிற்று. 1995-ஆம் ஆண்டு வேறொரு சட்டம் அதன் இடத்தைப் பெறும்வரை வக்ஃபு நிருவாகத்திற்கு அதுவே அடிப்படையாயிருந்தது. வக்ஃபுக்கும் தனி உறுப்பினர் முயற்சிக்கும் உள்ள தொடர்பு அதனினும் பழையது. 1913-ஆம் ஆண்டின் வக்ஃபு செல்லுபடிச் சட்டமும் அக்காலச் சட்டமன்றத்தில் அரசுப் பொறுப்பு ஏதுமற்ற உறுப்பினராயிருந்த முகமது அலி ஜின்னா கொணர்ந்ததேயாகும்.

1956-இல் ஃபெரோஸ் காந்தியின் மசோதா, நாடாளுமன்ற நடவடிக்கைகளை உண்மையாக வெளியிடும் இதழ்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. அவர் ஆளுங்கட்சி உறுப்பினர் என்பது கருதத்தக்கது. நெருக்கடி நிலைக் காலத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டு, 1977-இல் மீண்டும் உயிர்பெற்றது. பதினான்காவது சட்டத்தைத் தந்தவர் ஆனந்த் நாராயண் முல்லா. உருதுக் கவிஞர், உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்தவர். கீழ்மன்றம் விடுவித்த ஒருவருக்கு உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனையோ பத்தாண்டுக்குக் குறையாத சிறையோ விதித்தால், அவர் உச்சநீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 1970-இல் அச்சட்டம் வழிவகுத்தது. நீதிமன்றத்தில் அமர்ந்து தீர்ப்புரைத்தவரே அதன் குறையை அறிந்து சட்டமன்றத்தில் திருத்தியது பொருத்தமே.

சட்டமாகாத மசோதாக்கள் வீண் என்று தள்ளிவிடுதல் சரியன்று. பெரும்பாலும் விவாதத்தின் முடிவில் அமைச்சர் எழுந்து, அரசே இதுபற்றிக் கருதும் என உறுதி கூறித் திரும்பப் பெறுமாறு வேண்டுவார். உறுப்பினரும் அவையின் இசைவுடன் திரும்பப் பெறுவார். இவ்வழக்கத்தை வெறும் சடங்கு என்பாரும் உளர். எனினும் அமைச்சரின் வாக்குறுதி அவைக்குறிப்பில் ஏறிவிடுகிறது. அரசின் உறுதிமொழிகளைக் கண்காணிக்கவும் தனியே ஒரு குழு உண்டு. 1927-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்ற மேலவையில் தேவதாசி முறைக்கு எதிராகக் கொணர்ந்த தீர்மானம் முழுமையான தடைச் சட்டமாகக் கனிய 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

திரும்பப் பெற மறுத்தவரும் உளர். தமிழ்நாட்டைச் சேர்ந்த திருச்சி சிவா, திருநங்கையர் உள்ளிட்ட மாற்றுப் பாலினத்தவர் உரிமைக்காக மாநிலங்களவையில் ஒரு மசோதாவை முன்மொழிந்தார். திரும்பப் பெறுமாறு அமைச்சர் வேண்டியும் அவர் இணங்கவில்லை. 2015 ஏப்ரல் 24-ஆம் நாள், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, அவை அதனைக் குரல் வாக்கெடுப்பில் ஏற்றது. தனி உறுப்பினர் மசோதா ஒன்று இறுதியாகச் சட்டமாகி அப்போது நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மக்களவையில் அது நிறைவேறவில்லை; அரசு தானே வேறொரு மசோதாவைக் கொணர்ந்து 2019-இல் சட்டமாக்கியது. இரண்டிற்கும் இடையே வேறுபாடுகள் பல. மாணவர்கள் அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்துப் பார்க்கலாம்.