நரம்பின் ஒலியும் மன்றத்தின் செவியும்
(கிதாரின் ஒலியைக் குறைந்த செலவிற் பெருக்குமாறு)

நரம்புக் கருவிகள் இயல்பாகவே மெல்லொலியின. பறையும் முழவும் ஊரைத் திரட்டும். குழலோசை வெட்டவெளியிலும் சென்று பரவும். யாழோ அருகிருந்து கேட்பார்க்கே தன் இனிமையை வழங்கும். பொருநராற்றுப்படை முதலிய பழம்பாட்டுக்களில் யாழின் உறுப்புக்கள் விரித்துரைக்கப்பட்டுள்ளமை தமிழ் மாணவர் அறிந்ததே. பத்தரும் அதன்மேற் போர்த்த தோலும் நரம்பின் சிற்றொலியை ஏற்று மிகுவித்தற்கென்றே அமைந்தவை. 1947-ஆம் ஆண்டில் வெளிவந்த விபுலாநந்த அடிகளாரின் 'யாழ்நூல்' அப்பழங்கருவியை ஆராய்ந்து நமக்கு மீட்டுத் தந்தது. இக்காலத்துக் கிதாரும் இவ்வினத்ததே. அதன் மரப்பெட்டியே அதற்குப் பத்தராகும். சிற்றறையில் அப்பெட்டி போதும். பந்தலில் போதாது. இவ்வுண்மையை யாம் நூலிற் கற்றிலேம், பட்டறிந்தேம்.

சென்ற கிறிஸ்துமஸ் பருவத்தில் எம் பாடற்குழுவினர் புதுக்கோட்டை மாவட்டத்தில், அன்னவாசலுக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். ஆலயத்தின் முன் பந்தலிட்டிருந்தனர். மைக் செட் வந்திருந்தது. தபேலாவும் கீபோர்டும் இருந்தன. எம் நண்பர் ஒருவர் தாமே மெட்டமைத்த பாடல் ஒன்றைக் கிதாரில் தனித்துத் தொடங்குவதென்பது ஏற்பாடு. அதன்பொருட்டு எம்முள் தண்டிய சிறுதொகையைக்கொண்டு கிதாரின் மேல் ஒட்டும் 'பிக்கப்' தகடு ஒன்றை வாங்கி, அதன் கம்பியை மைக் செட்டின் மிக்ஸரில் நேரே செருகினோம். எழுந்த ஒலி தகரத்தைத் தட்டினாற்போன்றிருந்தது. அதனை உயர்த்தியபோது ஒலிபெருக்கி கூவத்தொடங்கியது. தாழ்த்தியபோது ஒன்றுங் கேட்டிலது. பாடல் முடிந்தபின் முன்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர் எம் நண்பரை அழைத்து, "ஏன் தம்பி, அந்தப் பெட்டியைச் சும்மா கையில வச்சிருந்தீங்களே, வாசிக்கத் தெரியாதா?" என்று பரிவோடு வினவினார். யாமனைவரும் நகைத்தோம், நண்பர் நகைத்திலர். இனிக் கிதாரைக் கொண்டுவருவதில்லை என்றும் கூறிவிட்டார்.

மறுநாள் திரும்பும் வழியிற் குடுமியான்மலைக்குச் சென்றோம். சிகாநாதசுவாமி கோயிலின் பின்னர், மேலைக்கோயில் என்னும் குடைவரையின் அருகே, பாறைச் சரிவில் இசைக் கல்வெட்டு உள்ளது. ஏழு பகுதிகளாகச் சுரங்கள் கிரந்த எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனுடையதென்று பலராலும் கூறப்படுவது அது. மாறுபட்டுரைக்கும் அறிஞரும் உளர். அம்மாவட்டத்திலேயே திருமயம் முதலிய இடங்களிற் 'பரிவாதினி' என்னும் பெயர் பாறையிற் காணப்படுகின்றது. பரிவாதினி என்பது ஏழு நரம்புடைய வீணை. மெல்லொலியாகிய நரம்பிசையை இத்துணை நுணுக்கமாகக் கல்லிற் பொறித்துவைத்த நாட்டில், ஒரு கிதாரின் குரலை ஒரு பந்தலளவிற்குக் கொண்டுசெல்ல இயலாது திரும்புகின்றோமே என்ற எண்ணம் எமக்குண்டாயிற்று. கல்லூரி திரும்பியதும் பௌதிகத்துறை ஆசிரியரை அணுகி, நிகழ்ந்த பிழையின் காரணத்தை ஆராய்ந்தோம். அறிந்தவற்றைப் பிறருக்கும் பயன்படுமாறு இங்கே தருகின்றோம்.

1. மைக்

கிதாரின் தந்தி தனித்துக் காற்றை மிகுதியும் அசைப்பதில்லை. அதன் அதிர்வு பாலத்தின் வழியே மேற்பலகைக்குச் செல்ல, அப்பலகையே காற்றை அசைத்து ஒலியை எழுப்புகின்றது. ஆதலின் பலகைக்கு எதிரே மைக்கை நிறுத்துதலே மிகவும் இயற்கையான முறையாம். ஆலயத்தில் முன்னரே உள்ள மைக்கு ஆயின் செலவும் இல்லை.

இதன்கட் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, தொலைவு. தொலைவைப் பாதியாக்கினால் மைக்கிற்கு வரும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் மிகும்; அந்த அளவிற்கு ஒலிபெருக்கியை உயர்த்தவேண்டிய தேவை குறையும். 15 முதல் 20 சென்டிமீட்டர் தொலைவு ஏற்றது. இரண்டாவது, இடம். வட்டத் துளைக்கு நேரே வைத்தல் பலரும் செய்யும் பிழை. பெட்டியினுள் அடைபட்ட காற்று ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ் அளவில் தானே ஒலிக்கும் இயல்பினது. ஆகலின் துளைக்கு நேரே 'கும்'மென்னும் முழக்கமே மிகும். கழுத்தும் பெட்டியும் சேருமிடத்தை நோக்கி மைக்கை வைப்பின் ஒலி தெளிவுறும்.

எனினும் தபேலாவும் கீபோர்டும் உடன் ஒலிக்கும் பந்தலில் மைக் பிற ஒலிகளையும் வாங்கும். வாசிப்பவர் சற்று அசைந்தாலும் ஒலி மாறும். அமைதியான ஆலயத்திற்கும் சிறு மன்றத்திற்குமே இம்முறை உரியது.

2. ஒட்டுந் தகடு

யாம் வாங்கியது இவ்வகை. பித்தளை வட்டின்மேல் மெல்லிய பீங்கான் போன்ற பொருளைப் பதித்தது அது; ஓசை எழுப்பும் 'பஸ்ஸர்' கருவிகளில் உள்ளதும் இத்தகடே. மின்பொருட் கடைகளில் மிகச் சிறிய விலைக்குக் கிடைக்கும். சில படிகங்களை அழுத்தின் மின்சாரம் தோன்றும் என்பதை 1880-இல் பியேர் கியூரியும் அவர் தமையனார் ஜாக் கியூரியும் கண்டறிந்தனர். 'பியெஸோ' எனப்படும் அந்நெறியே இத்தகட்டிற்கு அடிப்படை. பலகையின் அதிர்வை இது நேரே மின்னலையாக மாற்றுதலின், சூழ இருக்கும் ஓசைகளை மைக்கைப்போல் மிகுதியும் வாங்குவதில்லை.

அங்ஙனமாயின் எம் கிதார் தகரம்போல் ஒலித்ததேன்? தகட்டின்மேற் குற்றமில்லை, இணைத்த முறையே குற்றமுடையது. இத்தகடு மின்னியலில் ஒரு சிறு கொள்கலத்தை ஒக்கும். அதன் அளவு ஏறக்குறைய 20 நானோஃபாரட். மிக்ஸரின் சாதாரணத் துளையின் தடையோ 10,000 ஓம் அளவினது. இவ்விரண்டும் சேருமிடத்துக் கணக்கிட்டுப் பார்ப்பின், ஏறக்குறைய 800 ஹெர்ட்ஸிற்குக் கீழுள்ள ஒலிகள் படிப்படியாகத் தேய்ந்துவிடும். மைக் செருகும் துளையின் தடை இன்னுங் குறைவாதலின் ஆண்டு இழப்பு இன்னும் பெரிது. கிதாரின் ஆறு தந்திகளை அழுத்தாது மீட்டின் அவற்றின் அடிப்படை ஒலிகள் 82 முதல் 330 ஹெர்ட்ஸ் வரையில் அமைவன. கிதாரின் உயிர்ப்பகுதி முழுவதையும் யாம் வாயிலிலேயே நிறுத்திவிட்டோம் என்க. இழந்ததை ஈடுசெய்ய ஒலியை உயர்த்தியபோது எஞ்சிய கீச்சொலியே கூவலாயிற்று.

துளையின் தடை 10 லட்சம் ஓம் ஆயின் அந்த 800 என்பது 8 ஆகச் சுருங்கும். தாழ்ந்த ஒலிகள் யாவும் தப்பும். ஆகவே தகட்டிற்கும் மிக்ஸருக்கும் இடையே பாட்டரியால் இயங்கும் சிறு 'ப்ரீ-ஆம்ப்' அல்லது 'ஆக்டிவ் டி.ஐ.' பெட்டி ஒன்று இன்றியமையாதது. சில மிக்ஸர்களிற் கிதாருக்கென்றே உயர்தடைத் துளை ஒன்றுண்டு. வாங்குமுன் அதனைத் தேடிப்பார்த்தல் நலம். தகட்டைப் பாலத்தின் அருகே, எளிதிற் பெயர்க்கக்கூடிய பசையால் ஒட்டி, விரலளவு இப்புறமும் அப்புறமும் நகர்த்திக் கேட்டபின்னரே நிலைநிறுத்துக. அரை அங்குல மாற்றமும் குரலை மாற்றும்.

3. துளையிற் பொருத்தும் காந்தக் கருவி

1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. காந்தமும் அதனைச் சுற்றிய கம்பிச்சுருளும் தந்திகளின்கீழ் இருப்ப, இரும்புத் தந்தியின் அசைவு சுருளில் மின்சாரத்தை எழுப்பும். நைலான் தந்திக்கு இது பயன்படாது. இதனை முதலில் நினைவிற்கொள்க. பலகையைவிடத் தந்தியையே இது கேட்பதால் கூவல் எளிதில் எழாது. பேரோசைப் பந்தலுக்கு ஏற்றது. ஆயின் மரத்தின் குரல் குறைந்து, மின்கிதாரின் சாயல் சிறிது தோன்றும். ஒற்றைச் சுருளுடையதாயின் அருகிலுள்ள மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் வாங்கும். விலை தகட்டினும் பன்மடங்கு மிகுதி.

கூவலைத் தவிர்க்குமாறு

ஒலிபெருக்கியினின்று வரும் ஓசை கிதாரையோ மைக்கையோ மீண்டும் அடைந்து, சுற்றிச் சுற்றி வளர்வதே கூவலாகும். ஆதலின் ஒலிபெருக்கிகள் பாடுவோர்க்கு முன்னே, அவையோரை நோக்கி இருத்தல் வேண்டும். கிதாரின் துளையை ரப்பர் மூடியால் அடைப்பின் மேற்கூறிய 100 ஹெர்ட்ஸ் முழக்கம் அடங்கும். கிதாரினின்று செல்லும் சாதாரணக் கம்பி நான்கைந்து மீட்டருக்கு மேற்படாதிருத்தல் நன்று; நெடுந்தொலைவிற்கு டி.ஐ. பெட்டியினின்று மைக் கம்பியைக் கொண்டுசெல்க. இரைச்சலைப் போக்குதற்பொருட்டு மின்செருகியின் எர்த் இணைப்பை நீக்குவார் சிலர். கைகள் தந்தியிலும் வாய் மைக்கிலும் படுமிடத்து அஃது உயிருக்கே கேடாம், ஒருபோதுஞ் செய்யற்க.

முடிபு

அமைதியான சிற்றாலயத்திற்கு உள்ள மைக்கே சாலும். பிற கருவிகளோடு வாசிப்பார்க்கு, அதிலும் நைலான் தந்தியுடையார்க்கு, தகடும் ப்ரீ-ஆம்பும் ஏற்றவை. இரும்புத் தந்தியுடையார் பேரோசையிடை வாசிப்பின் காந்தக் கருவியை நாடுக. பணம் சிறிதாயின் தகட்டை மலிவாகக் கொண்டு, மிகுதியை ப்ரீ-ஆம்பிற் செலவிடுக. யாம் செய்தது அதன் மறுதலை.

பொங்கல் விடுமுறையின் பின்னர் அதே தகட்டோடும், கடனாகப் பெற்ற டி.ஐ. பெட்டியோடும் அச்சிற்றூருக்கு மீண்டும் சென்றோம். நண்பரை உடன்படுத்துவதே அரிதாயிற்று. இம்முறை பாடலின் முதற் சுரங்கள் பந்தலின் கடைசி வரிசைக்கும் தெளிவாய்ச் சென்றன. உரத்து ஒலித்ததன்று, உள்ளவாறே ஒலித்தது. ஒலியைப் பெருக்குதல் வேறு, ஓசையை மிகுத்தல் வேறு என்பதை அன்று உணர்ந்தோம். அம்மூதாட்டியும் வந்திருந்தார். பாடல் முடிந்ததும், "பெட்டி பேசிடுச்சே தம்பி!" என்றார். எம் நண்பர் அப்பொழுதுதான் நகைத்தார்.